மெட்டலுக்கு அடுத்த கிட்டார்: முதலில் ட்யூனிங்கை முடிவு செய்யுங்கள்

உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொள்கிறேன். மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அசைவை மின்சாரமாக்கும் ஒற்றைச் சுருள்) உள்ள தொடக்கநிலை ஸ்ட்ராட் வகைக் கிட்டாரில் சில வருடங்களாக வாசிக்கிறீர்கள். பிளாக் சபாத், ஐயர்ன் மெய்டன், மெட்டாலிகா என்று ஆரம்பித்து இப்போது ஆறாவது கம்பியை சி, பி சுருதிக்கு இறக்கும் டிராப் சி, டிராப் பி என்று கீழே இறங்கும் பேண்டுகள் வரை வந்துவிட்டீர்கள். கெயினை (ஆம்பில் ஒலியைப் பெருக்கிச் சிதைக்கும் அளவை) ஏற்றினால் ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் வாசிப்பை) விட இரைச்சல்தான் அதிகம் கேட்கிறது. அடுத்த கிட்டாரில் ஃப்ளாய்ட் ரோஸ் (பாரால் சுருதியை ஏற்றி இறக்கும் பிரிட்ஜ்) வேண்டுமா, பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பிக்கப் வேண்டுமா, எந்த பிராண்டு எடுப்பது என்று கேட்கிறீர்கள்.

பிராண்டைக் கடைசியில் பார்ப்போம். ஒரு கிட்டாரில் பிக்கப், ட்யூனர், நட் (தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பள்ளத் துண்டு) எல்லாம் பிற்பாடு மாற்றிக்கொள்ளக் கூடியவை. ஸ்கேல் நீளம் (நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை அதிரும் கம்பியின் நீளம்), நெக்கின் வடிவம், ஃப்ரெட் வேலையின் தரம், உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் வகை ஆகியவை நீங்கள் பணம் கொடுக்கும் நாளிலேயே முடிவாகிவிடுகின்றன. மாற்றுவது முடியவே முடியாது, அல்லது மாற்றும் செலவில் இன்னொரு கிட்டார் வாங்கிவிடலாம். விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருவதோ பிக்கப்பின் பெயர்தான். அதனால் பலர் பிக்கப்பைப் பார்த்து வாங்கிவிட்டு, பிரிட்ஜோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

எனவே முதல் கேள்வி: எந்த ட்யூனிங்கில் அதிக நேரம் வாசிக்கப் போகிறீர்கள்?

இது சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் மற்ற எல்லாமே இதிலிருந்துதான் கிளைக்கிறது. பிளாக் சபாத் கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமியை எடுத்துக்கொள்ளுங்கள். பதினேழு வயதில் தொழிற்சாலை விபத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடது கை வாசிப்பாளர் என்பதால் ஃப்ரெட்டை அழுத்தும் கையே அதுதான். விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டார், மெல்லிய கம்பிகளுக்கு மாறினார். பிறகு 1971-இல் வந்த பிளாக் சபாத்தின் மூன்றாவது ஆல்பத்தில் கிட்டாரை சி ஷார்ப் வரை இறக்கினார். கம்பி தளர்ந்தால் விரலுக்குச் சுலபம், ஒலியும் கனக்கும். டூம், ஸ்டோனர் என்று அதன் பிறகு வந்த ஒரு பெரிய மரபே அந்தத் தளர்ந்த கம்பியின் ஒலியில் இருந்து பிறந்ததுதான்.

ஆனால் தளர்வுக்கு ஒரு விலை உண்டு. கம்பியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரே கம்பியை ஒரு முழு டோன் இறக்கினாலே இழுவிசையில் ஏறக்குறைய 20 சதவீதம் போய்விடும். டிராப் சி-யில் ஆறாவது கம்பி நான்கு செமிடோன் இறங்குகிறது; அங்கே இழப்பு 37 சதவீதம். அப்படித் தொங்கும் கம்பியைப் பிக்கால் ஓங்கி அடித்தால் சுருதி முதலில் மேலே போய் அப்புறம் கீழே வந்து நிற்கும். வேகமான பாம் மியூட் (கைத்தலத்தைக் கம்பியில் வைத்து ஒலியை அடக்கும்) ரிஃப்பில் ஒவ்வோர் அடியும் தனித்தனியாக வெட்டி விழ வேண்டிய இடத்தில் எல்லாம் கலங்கிப் போகும். "என் கிட்டாரில் டிராப் சி நன்றாக இல்லை" என்பவர்களில் பெரும்பாலோருக்குப் பிரச்சினை பிக்கப்பில் இல்லை, இதில்தான்.

இழந்த இழுவிசையைத் திரும்பப் பெற இரண்டு வழி: தடித்த கம்பி, அல்லது நீளமான ஸ்கேல். கிப்சன் வகைக் கிட்டார்களின் ஸ்கேல் 24.75 அங்குலம் என்று சொல்வார்கள். ஃபெண்டர், ஐபனெஸ், ஜாக்சன் வகை பெரும்பாலும் 25.5 அங்குலம், பிஆர்எஸ் இடையில் 25. வித்தியாசம் முக்கால் அங்குலம்தான். அதே கம்பி, அதே சுருதி என்றால் இழுவிசையில் அது 6 சதவீதம் கூடுதல். கையில் அது நன்றாகவே தெரியும். ஈ ஸ்டாண்டர்டு (வழக்கமான ட்யூனிங்), ஈ ஃப்ளாட், டிராப் டி வரை வாசிப்பவருக்கு எந்த ஸ்கேலும் போதும். வைப்ராட்டோவும் பெண்டும் (கம்பியை இழுத்துச் சுருதி ஏற்றுவது) இளகி வர வேண்டும் என்றால் 24.75 இன்னும் சுகம். டிராப் சி-க்கு 25.5 எடுத்து 11-54 (மிக மெல்லிய கம்பி 0.011, மிகத் தடித்தது 0.054 அங்குலம்) போன்ற செட் போடுங்கள். டிராப் பி-யில்தான் குடியிருக்கப் போகிறீர்கள் என்றால் 25.5-லேயே ஆறாவது கம்பி 60-ஐ ஒட்டி இருக்க வேண்டும், 26.5 அல்லது 27 அங்குல பாரிட்டோனோ, ஏழு கம்பிக் கிட்டாரோ இன்னும் நேர்மையான தீர்வு. ஏழு கம்பியில் ஏழாவது இயல்பாகவே பி; மேலே உள்ள ஆறும் நீங்கள் பழகிய சுருதியிலேயே இருக்கும். ஐபனெஸ் 1990-இல் கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் வாய்க்காக யுனிவர்ஸ் என்ற ஏழு கம்பி மாடலைக் கொண்டுவந்தது. பிற்பாடு கோர்ன் பேண்டு அதைக் கனமான ரிஃப்புகளுக்குக் கொண்டுபோன பிறகுதான் மெட்டலில் அது பரவியது.

அடுத்தது பிரிட்ஜ். ஃப்ளாய்ட் ரோஸ் பற்றி நீங்கள் கேட்டதற்கு நேரடியான பதில்: உங்கள் நிலையில் வேண்டாம்.

அது மோசமான கருவி என்பதால் சொல்லவில்லை. நல்ல ஃப்ளாய்ட் ரோஸ் ஓர் அற்புதமான இயந்திரம். நட்டிலும் சேடிலிலும் கம்பியைப் பூட்டிவிடுவதால், பாரைக் கம்பிகள் தொங்கும்வரை அமுக்கிவிட்டு விட்டாலும் சுருதி அப்படியே திரும்பி வரும். எட்டி வான் ஹேலன் அதை வைத்துச் செய்ததைக் கேட்டு ஒரு தலைமுறையே பாரைப் பிடித்தது. உங்களுக்குப் பிடித்த சோலோக்களில் டைவ் பாம் (பாரை அமுக்கிச் சுருதியை ஆழமாக இறக்குவது), பார் அலறல் எல்லாம் உயிர்நாடி என்றால் அதைத் தவிர மாற்று கிடையாது.

ஆனால் அது எப்படி நிற்கிறது என்று பாருங்கள். முன்னால் ஆறு கம்பிகளின் இழுப்பு, பின்னால் ஸ்பிரிங்குகளின் இழுப்பு. பிரிட்ஜ் இரண்டுக்கும் நடுவே தராசு முள்ளைப் போல மிதக்கிறது. ஆறாவது கம்பியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்கினால் ஸ்பிரிங் பக்கம் பலம் கூடி, மற்ற ஐந்து கம்பிகளும் சுருதியில் ஏறிவிடும். ஒரு கம்பி அறுந்தால் கிட்டார் முழுவதும் அபஸ்வரம். கைத்தலத்தை பிரிட்ஜில் அழுத்தி பாம் மியூட் செய்தால் சுருதி லேசாக ஏறும். வேறு ட்யூனிங், வேறு தடிமன் கம்பி என்றால் ஸ்பிரிங், இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக ஒலிப்பது) என்று எல்லாவற்றையும் மறுபடி சமன் செய்ய வேண்டும். பழகாதவருக்கு ஒரு மாலை நேரமே போய்விடும். இன்று டிராப் சி, நாளை ஈ ஸ்டாண்டர்டு என்று அலையும் ஒருவருக்கு இது தண்டனை. மலிவான கிட்டார்களில் வரும் நகல் ஃப்ளாய்ட் ரோஸ்களில் இன்னொரு சங்கடமும் உண்டு: பிரிட்ஜ் சாய்ந்து நிற்கும் கத்தி விளிம்பு மென்மையான உலோகமாக இருந்தால் தேய்ந்துபோகும், பிறகு சுருதி எங்கேயும் நிற்காது. எனவே ஃப்ளாய்ட் ரோஸ் வாங்குவதென்றால் நல்லதை வாங்குங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே ஃப்ளாய்ட் உள்ள ஒரு கிட்டார் மனதுக்குப் பிடித்துப்போய்விட்டால், ஸ்பிரிங் குழிக்குள் ஒரு மரத்துண்டை வைத்து பிரிட்ஜ் பின்னால் சாயாமல் தடுத்துவிடலாம். அப்போது பார் கீழ்நோக்கி மட்டும் வேலை செய்யும். டிராப் ட்யூனிங்கும் கம்பி அறுவதும் பெரிய தலைவலியாக இருக்காது. வான் ஹேலனும் பிரிட்ஜை உடலோடு ஒட்டவைத்துக் கீழ்நோக்கி மட்டும்தான் பயன்படுத்தினார்.

ரிதம் வாசிப்பும் ட்யூனிங் மாற்றமும்தான் உங்கள் வாழ்க்கை என்றால் நிலையான பிரிட்ஜ். கம்பி உடலின் வழியாகப் போகும் ஹார்ட்டெயிலா, கிப்சன் பாணி ட்யூனோமேட்டிக்கா என்பதில் மண்டையைக் குடைய வேண்டாம். எது கைத்தலத்துக்கு வசதியோ அது. ட்யூனோமேட்டிக் சற்று உயரமாக நிற்கும், ஹார்ட்டெயில் தட்டையாக இருக்கும். உட்கார்ந்து பத்து நிமிடம் பாம் மியூட் வாசித்துப் பார்த்தாலே கை சொல்லிவிடும்.

இப்போது பிக்கப். உங்கள் கிட்டாரின் இரைச்சலுக்கு இதுதான் காரணம். சிங்கிள் காயில் என்பது காந்தத்தைச் சுற்றிய ஒரே சுருள். கம்பியின் அசைவைப் பிடிப்பதுபோலவே மின்சாரக் கம்பிகள், டிரான்ஸ்ஃபார்மர்கள் கசியவிடும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் முனகலையும் பிடிக்கும். சுத்தமான ஒலியில் அது அதிகம் கேட்காது. மெட்டல் கெயினில் எல்லாமே பல மடங்கு பெருகுவதால் முனகல் முன்னுக்கு வந்துவிடும். கிப்சனில் இருந்த செத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கரில் இரண்டு சுருள்கள். ஒன்றின் காந்த முனையும் சுற்றும் மற்றதற்கு எதிர்த்திசை. கம்பியின் ஒலி இரண்டிலும் கூடுகிறது, வெளியிலிருந்து வரும் முனகல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்குகிறது. பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர் கண்டிப்பாக வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

ஆக்டிவா பாசிவா என்பது ருசியைப் பொறுத்தது. இஎம்ஜி 81 போன்ற ஆக்டிவ் பிக்கப்பில் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்ன ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது. இரைச்சல் மிகக் குறைவு, நீண்ட கேபிளில் மேல்சுரங்கள் மங்காது, அடி ஒவ்வொன்றும் ஒரே உயரத்தில் கறாராக விழும். மெட்டாலிகாவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் ரிதம் ஒலியோடு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது இதனால்தான். அதே கறார்த்தனம் சிலருக்குப் பிடிக்காது. மெல்ல வருடினாலும் ஓங்கி அடித்தாலும் வித்தியாசம் குறைவாகத் தெரிகிறது என்பார்கள். வால்யூமைக் குறைத்து ஒலியைச் சுத்தம் செய்யும் ஹார்ட் ராக் பழக்கம் உள்ளவர்கள் பாசிவுக்கே திரும்புவார்கள். சீமோர் டங்கன் ஜேபி, அதே நிறுவனத்தின் டிஸ்டார்ஷன், டிமார்ஸியோ சூப்பர் டிஸ்டார்ஷன் எல்லாம் பாசிவ்தான். இவற்றை வைத்துப் பதிவான ராக்கும் மெட்டலும் கணக்கில்லை. ஃபிஷ்மேன் ஃப்ளூயன்ஸ் ஆக்டிவ்தான், ஆனால் ஒரே பிக்கப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட குரல் வைத்திருப்பதால் நடுவழி தேடுபவர்களுக்குப் பொருந்தும்.

என் கருத்து: உங்களுக்குப் பிடித்தவை ஹார்ட் ராக் தொடங்கிக் கனமான மெட்டல் வரை நீள்வதால் நல்ல பாசிவ் ஹம்பக்கரே பொருத்தம். ஆக்டிவ் பிற்பாடு போட வேண்டும் என்றால் போட்டுக்கொள்ளலாம், ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பாசிவ் ஹம்பக்கருக்கு வழக்கமாக 500கே பாட் (வால்யூம், டோன் திருகிகளின் மின்தடை), ஆக்டிவுக்கு 25கே. பிக்கப்போடு பாட்டையும் மாற்ற வேண்டும், பேட்டரிக்கு உள்ளே இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றிவிடுங்கள்; கேபிள் மாட்டியிருக்கும்வரை பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும்.

நெக்கும் ஃப்ரெட்டும்தான் நீங்கள் அதிகம் நேரம் செலவழித்துப் பார்க்க வேண்டிய இடம். மெல்லிய நெக் என்றால் வேகமாக வாசிக்கலாம் என்பது பாதி உண்மை. ஐபனெஸின் விசார்டு வகை நெக் முதல் ஃப்ரெட்டருகே 2 சென்டிமீட்டருக்கும் குறைவான தடிமன். கட்டைவிரலை நெக்கின் பின்னால் நடுவில் வைத்து வாசிப்பவருக்கு அது சொர்க்கம். கட்டைவிரலை மேலே வளைத்துப் பிடித்து பவர் கார்டு வாசிக்கும் ஹார்ட் ராக் பழக்கம் இருந்தால் அரை மணி நேரத்தில் உள்ளங்கை இறுகிப் போகும், அவருக்குக் கொஞ்சம் சதை உள்ள நெக்தான் நல்லது. ஃப்ரெட்போர்டின் வளைவையும் பாருங்கள். பழைய ஃபெண்டரின் 7.25 அங்குல ஆரம் நன்றாக வளைந்தது. கம்பியைத் தாழ்வாக வைத்துக்கொண்டு பெரிய பெண்டு இழுத்தால் மேல் ஃப்ரெட்டில் மோதி ஒலி செத்துவிடும். கிப்சனில் 12, நவீன மெட்டல் கிட்டார்களில் 14, 16 என்று தட்டையாகிக்கொண்டே வரும். ஜாக்சனின் பல மாடல்களில் நட் பக்கம் 12-இல் தொடங்கி உடல் பக்கம் 16-இல் முடியும். கீழே கார்டுக்கு வளைவு, மேலே சோலோவுக்குத் தட்டை.

கிட்டாரைக் கையில் எடுத்ததும் ஆம்பில் செருகாதீர்கள். கெயின் எல்லாக் குறையையும் மூடிவிடும். அமைதியான மூலையில் உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒரு முறை மெதுவாக அடித்துக் கேளுங்கள். பொறுமை வேண்டும், ஆனால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். எங்காவது ஓர் இடத்தில் மட்டும் 'ஸ்ஸ்' என்று உரசினால் அதற்கடுத்த ஃப்ரெட் உயர்ந்து நிற்கிறது என்று அர்த்தம். பிறகு முதல் இரண்டு கம்பிகளில் 12-ஆவது ஃப்ரெட்டுக்கு மேலே முழு டோன் பெண்டு இழுத்துப் பிடித்து நிறுத்துங்கள். ஒலி நடுவில் அணைந்தால் அங்கும் அதே கதை. உள்ளங்கையை நெக்கின் ஓரமாக மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பாருங்கள், ஃப்ரெட் நுனிகள் பிராண்டக் கூடாது. கடைசியாக நட். மூன்றாவது கம்பியின் ட்யூனரை மெல்லத் திருப்பும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டால் கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்கிச் சிக்கி நகர்கிறது. சுருதி நிற்காத கிட்டார்களில் பாதிக்கு ட்யூனர்மேல் பழி விழுகிறது, குற்றவாளி நட்தான். அரத்தால் பள்ளத்தைச் சற்று அகலப்படுத்தினால் சரியாகிவிடும் என்பதால் இதற்காக ஒரு நல்ல கிட்டாரை ஒதுக்க வேண்டியதில்லை. சீரற்ற ஃப்ரெட் இருந்தால் ஒதுக்குங்கள்.

கைமாறி வரும் கிட்டார் என்றால் டிரஸ் ராடு (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள் தண்டு) கால் சுற்றாவது திரும்புகிறதா என்று விற்பவர் முன்னிலையிலேயே பாருங்கள். தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்த கிப்சன் வகையில் நெக்கும் தலையும் சேரும் இடத்தின் பின்புறத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். முடி போன்ற கோடு ஒன்று ஓடினால் அது உடைந்து ஒட்டிய இடமாக இருக்கலாம்.

மரம் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. இந்த அளவு கெயினில் மகோகனியா பாஸ்வுட்டா என்பதை விட, இரண்டு மணி நேரம் நின்று வாசித்தால் தோள் தாங்குமா என்பது முக்கியம். வடிவமும் அப்படித்தான். வி வடிவம் மேடையில் பிரமாதம், வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தால் தொடையிலிருந்து வழுக்கும். எஸ்ஜி எடை குறைவு, ஆனால் பட்டையில் தொங்கும்போது பலவற்றில் தலைப்பக்கம் தாழும்.

சரி, வாங்குவதற்கு முன் ஒரு வேலை. உங்கள் பழைய கிட்டாரை எடுத்துக்கொண்டு, நல்ல ஆம்ப் வைத்திருக்கும் ஒருவரிடம் போய் ஒரு மணி நேரம் வாசித்துப் பாருங்கள். மெட்டல் ஒலியில் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள பங்கு கிட்டாரின் பங்கை விடப் பெரியது. ஆறு அங்குல ஸ்பீக்கர் உள்ள பயிற்சி ஆம்பில் எந்தக் கிட்டாரைச் செருகினாலும் ஆல்பத்தில் கேட்ட அந்த அடிவயிற்று இடி வராது. கெயினையும் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். பதிவுகளில் கேட்கும் கனம் பெரும்பாலும் ஒரே ரிஃப்பை இரண்டு முறை வாசித்து இடமும் வலமும் வைப்பதால் வருவது, கெயினைத் திருகி ஏற்றியதால் அல்ல. ஆம்புக்கு முன்னால் ட்யூப் ஸ்க்ரீமர் வகைப் பெடலை, டிரைவைப் பூஜ்யத்துக்கு அருகிலும் லெவலை உச்சத்திலும் வைத்துப் போட்டால் அடிச்சுரக் கலங்கல் குறைந்து பாம் மியூட் இறுகும்.

நல்ல ஆம்பில் உங்கள் பழைய கிட்டாரின் நெக்கும் ஃப்ரெட்டும் கைக்கு இதமாக இருக்கிறது, இரைச்சல் மட்டும்தான் குறை என்றால், சிங்கிள் காயில் அளவிலேயே வரும் ஹம்பக்கர்கள் உண்டு. டங்கன் ஹாட் ரெயில்ஸ் அந்த வகை. பிரிட்ஜ் இடத்தில் அதைப் போட்டுவிட்டு மிச்சப் பணத்தை ஆம்பில் போடுவது வெட்கப்பட வேண்டிய முடிவே அல்ல. நெக் பிடிக்கவில்லை, ஃப்ரெட் உரசுகிறது என்றால் புதிய கிட்டாருக்கே போங்கள்.

பிராண்டுக்கு வருவோம். ஐபனெஸ் ஆர்ஜி, ஜாக்சன் டிங்கி, ஜாக்சன் சோலோயிஸ்ட், ஷெக்டர் சி-1, இஎஸ்பி எல்டிடி, எப்பிஃபோன், பிஆர்எஸ் எஸ்இ: நடுத்தர விலையில் இவற்றில் எதுவும் உங்களைக் கைவிடாது. பெயருக்குப் பெயர் உள்ள வித்தியாசத்தை விட, ஒரே மாடலில் இரண்டு கிட்டார்களுக்கு இடையே ஃப்ரெட் வேலையில் உள்ள வித்தியாசம் சில சமயம் பெரிது. நீங்கள் சொன்னதை வைத்து நான் தேர்ந்தெடுத்தால், 25.5 அங்குல ஸ்கேல், நிலையான பிரிட்ஜ், இரண்டு பாசிவ் ஹம்பக்கர், மிக மெல்லியதாக இல்லாத நெக், 24 ஃப்ரெட். ஷெக்டரிலும் எல்டிடியிலும் இந்தக் கலவை சுலபமாகக் கிடைக்கும். ஐபனெஸ் ஆர்ஜியிலும் நிலையான பிரிட்ஜ் மாடல்கள் உண்டு. டிராப் டி-க்குக் கீழே போவது எப்போதாவதுதான், ஹார்ட் ராக்தான் அதிகம் என்று நினைத்தால் எல்டிடி இசி-1000 போல 24.75 அங்குல, ஒற்றை வெட்டு வடிவக் கிட்டாரையும் பட்டியலில் சேருங்கள்.

வாங்கியதும் அதே நாளில் உங்கள் ட்யூனிங்கைச் சொல்லி செட்டப் செய்யக் கொடுங்கள். தொழிற்சாலையிலிருந்து பெரும்பாலும் மெல்லிய கம்பியும் ஈ ஸ்டாண்டர்டும் வைத்துத்தான் வரும். 11-54 போட்டதும் நட் பள்ளம், டிரஸ் ராடு, இன்டொனேஷன் மூன்றையும் திரும்பச் சரிபார்க்க வேண்டும். 12-ஆவது ஃப்ரெட்டில் ஆறாவது கம்பி 2 மில்லிமீட்டரை ஒட்டியும் முதல் கம்பி 1.5-ஐ ஒட்டியும் இருக்கட்டும். கனமாக அடிக்கும் கைக்கு அதைவிடத் தாழ்த்தினால் உரசும்.

பழைய ஸ்ட்ராட்டை விற்காதீர்கள். அதில் 9-42 போட்டு ஈ ஸ்டாண்டர்டிலேயே வைத்துவிட்டால், புதிய கிட்டாரை டிராப் சி-யில் இருந்து அசைக்க வேண்டிய தேவையே வராது.